மூன்று டாலரும் ஒரு மாட்டு வேஷமும்

ஆர்டிஸ் வென்ட்லாண்டுக்கு மூக்குதான் மூலதனம். விஸ்கான்சினில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிற லாரியை ஓட்ட வெறும் ஓட்டுநர் உரிமம் போதாது. பாலை முகர்ந்து பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல இன்னொரு உரிமமும் வேண்டும். குளிர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சு. சரியில்லை என்று பட்டால் குழாயை மாட்டக் கூடாது. எதிரில் நிற்கும் பண்ணைக்காரர் பள்ளியில் கூடப் படித்தவராக இருக்கலாம், ஐந்து நிமிஷம் முன்புதான் சூடாகக் காபி கொடுத்தவராக இருக்கலாம். "இன்னைக்கு எடுக்க முடியாது, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பத் தெரிய வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஆர்டிஸ் அப்படி ஒன்பது முறை சொல்லியிருக்கிறாள். ஒன்பது முறையும் பால் கெட்டுத்தான் இருந்தது என்று ஆய்வகம் பின்னால் எழுதிக் கொடுத்தது.

அவ்வளவு நல்ல மூக்கு பேஸ்பாலில் மட்டும் ஏனோ அடைத்துக்கொண்டது. மார்ஷ் க்ரீக் ஊரில் மேவிஸின் பாரில் நடக்கிற கற்பனை பேஸ்பால் லீக்கில் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு வருஷம் தொடர்ந்து ஆர்டிஸ் பன்னிரண்டாவது இடம்.

விளையாட்டு ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. வசந்தத்தில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து, நாட்டில் நிஜமாக ஆடுகிற ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். உன் பங்கில் இருப்பவன் நிஜ ஆட்டத்தில் பந்தை வேலிக்கு வெளியே தூக்கி ஹோம் ரன் அடித்தால் உனக்கு நாலு புள்ளி, ஓட்டம் எடுத்தால் ஒன்று, உன் பிட்சர் பந்து வீசி ஜெயித்தால் பத்து. யார் பங்கிலும் சேராதவர்கள் உதிரிகள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலம். அதற்காக ஆளுக்கு நூறு டாலர், நிஜ டாலர் இல்லை, பார் சுவரில் இருக்கும் கரும்பலகையில் மேவிஸ் சாக்பீஸால் எழுதிய நூறு. சீட்டில் பெயரும் தொகையும் எழுதி ஊறுகாய் ஜாடிக்குள் போட வேண்டும். பூசை முடிந்து எல்லாரும் வந்ததும் பதினொன்றரைக்கு மேவிஸ் ஜாடியைக் கவிழ்ப்பாள். பெரிய தொகைக்கு ஆள். வென்றவன் தொகை மட்டும் கழியும். புது ஆளை எடுத்தால் பழைய ஆள் ஒருவனைக் கைவிட வேண்டும், கைவிட்டவன் பெயர் அடுத்த ஏலத்துக்காகப் பலகையில் ஏறும். நூறு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஆர்டிஸ் ஏப்ரலிலேயே ஒரு புதுப் பையனுக்கு அறுபத்திரண்டு கொடுத்தாள். அவன் மே மாதம் கணுக்காலை உடைத்துக்கொண்டான். அதோடு அவள் வருஷம் முடிந்தது என்று ஊரே பேசிக்கொண்டது, அவள் காதுபடவே பேசிக்கொண்டது.

கடைசி இடம் வந்தால் தண்டனை உண்டு. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பண்ணையில் ஊருக்கே காலை விருந்து நடக்கும், இரண்டாயிரம் பேர் வருவார்கள், முட்டையும் பான்கேக்கும் சீஸும் ஐஸ்கிரீமும். அங்கே கடைசி ஆள் மாட்டு வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வரவேற்க வேண்டும். மற்ற பதினொரு பேரில் யார் போட்டாலும் அது சிரிப்போடு போய்விடும். ஆர்டிஸ் போட்டது வேறு. அவள் வருஷம் முழுக்கப் பால் எடுக்கிற பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு அவளைக் கடந்துதான் உள்ளே போனார்கள். "இன்னைக்கு எத்தனை லிட்டர் கறந்த, ஆர்டிஸ்?" என்று ஒருத்தர் கேட்டார். அவளும் சிரித்தாள். இரண்டாவது வருஷம் அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேஷமாவது போகட்டும். போன இலையுதிர் காலத்தில் க்ளெம் யூங்வெர்த் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தான். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், வாய் நீளம், மனசும் கெட்ட மனசில்லை, ஆனால் மருமகன் ட்ரெவர் லீக்கில் சேர இரண்டு வருஷமாகக் காத்திருந்தான். நாற்காலி பன்னிரண்டுதான். அதனால் க்ளெம் எழுந்து நின்று, "தொடர்ந்து மூணு வருஷம் கடைசியா வந்தா நாற்காலி போயிடணும். லீக்குக்கு ஒரு தரம் வேணாமா?" என்றான். யாரை மனதில் வைத்துச் சொல்கிறான் என்பது மேவிஸின் நாய்க்குக்கூடத் தெரியும். கைகள் உயர்ந்தன. ஆர்டிஸும் கை தூக்கினாள். தூக்காமல் இருந்திருந்தால் பயந்துவிட்டாள் என்று நினைப்பார்களே.

ஆனால் பயந்துதான் போனாள். வாரத்தில் ஆறு நாள் அவள் தனியாக லாரியில். கணவன் பதினோரு வருஷம் முன்பு அரிசோனாவில் வெயில் நன்றாக இருக்கிறது என்று போனவன் அங்கேயே இருந்துவிட்டான். மகள் ஒரிகனில். பேச்சுத் துணைக்கு ரேடியோ, இல்லையென்றால் பண்ணை நாய்கள். ஞாயிறு பதினொன்றரைக்கு அந்த வட்ட மேஜையில் பதினோரு பேர் அவளைக் கிண்டல் செய்வார்கள், அவள் திருப்பிக் கிண்டல் செய்வாள், அதற்குப் பிறகு ஒரு பிராந்தி, நாலு கை சீட்டாட்டம். அவளுக்கு வாழ்க்கையில் கூட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான். அந்த நாற்காலி போனால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் பலகை சொன்னது இது: பதினோராவது இடம் க்ளெம், பன்னிரண்டு ஆர்டிஸ், இடையில் முப்பத்தெட்டு புள்ளி. ஏல மிச்சம், க்ளெமுக்கு முப்பத்தொன்பது, ஆர்டிஸுக்கு மூன்று.

முப்பத்தெட்டு புள்ளி பெரிய மலையில்லை. நல்ல பிட்சர் ஒருவன் கிடைத்தால் ஏறிவிடலாம். ஆனால் க்ளெம் விடவில்லை. அவளிடம் மூன்றுதான் இருக்கிறது என்பதைப் பலகையே சொல்கிறது, அவளுக்குப் பிட்சர்தான் வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவள் கண் வைத்திருக்கக்கூடிய ஆள் ஒவ்வொருவன் மீதும் க்ளெம் நாலு டாலர் எழுதிப் போட்டான். இரண்டு ஞாயிறு இப்படியே நடந்தது, ஞாயிறுக்கு ஒருவன். இரண்டு பேரையும் கொண்டுபோய் அவன் அணியில் சும்மா உட்கார வைத்தான்.

"இது நியாயமா, க்ளெம்? உனக்கு அவன் தேவையே இல்லையே" என்றாள் ஆர்டிஸ்.

"எனக்குத் தேவையில்லதான், பால்காரம்மா. உனக்குத் தேவைப்படுதே, அதான்" என்று அவன் வறுத்த சீஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற ட்ரெவர் அவள் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையை எடுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை மத்தியானம். ஆர்டிஸ் கடைசிப் பண்ணையை முடித்துச் சீஸ் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரேடியோவில் மில்வாக்கி ஆட்டம். செப்டம்பர் வந்தால் இந்த ஊரில் பேஸ்பால் கேட்க ஆள் கிடையாது, எல்லார் மூளையும் அமெரிக்கக் கால்பந்துக்கு மாறிவிடும், க்ரீன் பே அணியைத் தவிர வேறு எதையும் பேசினால் விரோதியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஆர்டிஸுக்குக் கால்பந்து பிடிக்காது. ஆளை ஆள் தள்ளுவதை மூன்று மணி நேரம் எதற்குப் பார்ப்பது என்பாள். அதனால் ஆட்டம் முடிந்த பிறகு மேனேஜர் பேசியதை அநேகமாக அந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான் முழுசாகக் கேட்டாள்.

"டெஸ்மண்டுக்கு மணிக்கட்டு இன்னும் சரியாகல. நமக்கும் இந்த வருஷம் இனி ஒண்ணும் இல்ல. இளம் பசங்களை ஆட விடப்போறோம். கடைசி நாள் அவரை ஒரு தடவை இறக்குவோம், ஜனங்க கை தட்டிக்கட்டும்" என்றார் மேனேஜர்.

ஆர்டிஸ் ரேடியோவின் ஒலியைக் குறைத்தாள். டெஸ்மண்ட் ஆல்ரெட். பதினாலு வருஷமாக மில்வாக்கி அணிக்கு முதல் தளத்தில் நின்று ஆடியவர், மாநிலத்தில் பாதிக் குழந்தைகளின் சட்டையில் அவர் எண். ஆறு வருஷமாக ஆர்டிஸின் அணியில் இருப்பவர். அணி நாறிப்போன வருஷங்களிலும் அவரை மட்டும் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. க்ளெம் அவருக்காக என்னவெல்லாமோ பேரம் பேசிப் பார்த்தான், கெண்டைக்காலில் அவர் எண்ணைப் பச்சை குத்தியும் வைத்திருந்தான். "பச்சை குத்தினது நானு, ஆளு உங்கிட்ட இருக்கான். என்ன உலகம் இது" என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது புலம்புவான்.

ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது அவள் பலகையை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். இரண்டு பிட்சருக்கு எட்டு போக, க்ளெம் முப்பத்தொன்று. அவனுக்கு அடுத்துப் பணக்காரன் கஸ் தீலன், லீக்கில் முதலிடம், ஊருக்கு ஒரே இறுதிச் சடங்கு நிலையக்காரன், இருபத்தெட்டு. ஆல்ரெட் பலகைக்கு வந்தால் க்ளெம் விடமாட்டான். கஸ்ஸும் கேட்பான் என்று பயப்படுவான். அப்படியானால் இருபத்தொன்பதுக்குக் குறைந்து எழுத மாட்டான். முப்பத்தொன்றில் இருபத்தொன்பது போனால் மிச்சம் இரண்டு. அவளிடம் மூன்று.

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. வரிசை நகர்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேவிஸின் பாரில் மீன் விருந்து. நிற்க இடமில்லை. பெர்ச் மீன் வறுவல், உருளைக்கிழங்கு அடை, ரை ரொட்டி, முட்டைக்கோஸ். ஆர்டிஸ் தட்டை வாங்காமல் நேராகப் பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்து, தன் பட்டியலில் முதல் பெயரை அடித்து, உதிரிகள் பக்கத்தில் எழுதினாள்: ஆல்ரெட்.

 முகத்தில் சோகத்தை வரவழைக்கத் தனியாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷம் சும்மாவா?

முதலில் பார்த்தது மேவிஸ். "ஏம்மா ஆர்டிஸ், உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

அதற்குள் க்ளெம் முள்கரண்டியும் கையுமாக எழுந்து வந்துவிட்டான். பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். "என்ன இது? விளையாடுறியா?"

"இல்ல. விட்டுட்டேன்."

"ஏன்?"

ஆர்டிஸ் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். "அவரு இனிமே ஆட மாட்டாரு, க்ளெம். மணிக்கட்டு சரியில்ல. கடைசி நாள் ஒரே ஒரு தடவைதான் இறக்குவாங்களாம். ரேடியோவுல மேனேஜரே சொன்னாரு."

நடந்ததை நடந்தபடி சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. க்ளெம் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு படர்ந்தது. இருபது வருஷமாக அவளோடு சீட்டாடுகிறவன். அந்த மேஜையில் எவனும் உண்மை பேசியதாகச் சரித்திரம் இல்லை, கையில் ராணி இருந்தால் இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் இருக்கிறது என்பார்கள், அதுதான் அங்கே மரியாதை.

"யம்மா, என்னா நடிப்பு! நீ இப்படி நேராப் பாத்துப் பேசினாலே பொய்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?" என்று திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். "கேட்டீங்களா? ஆட மாட்டாராம்! இடம் காலி பண்ணிட்டு, பயமுறுத்திட்டு, ஞாயித்துக்கிழமை மூணு டாலருக்குத் திருப்பி எடுத்துக்கலாம்னு பாக்குறா."

"நம்பினா நம்பு, நம்பாட்டி போ. பேப்பரைப் பாரேன், போட்டிருப்பான்" என்றாள் ஆர்டிஸ்.

பேப்பரில் போட்டுத்தான் இருந்தது, விளையாட்டுப் பக்கத்தின் கடைசி மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு. அதற்கு மேலே க்ரீன் பே அணியின் புதுப் பையனுக்கு முழங்கால் வீங்கிய செய்தி படத்தோடு முக்கால் பக்கம். க்ளெம் முழங்காலைப் படித்தான்.

ஞாயிறு வந்தது. மேவிஸ் ஜாடியைக் கவிழ்த்து ஆல்ரெட் சீட்டுகளைத் தனியாகப் பிரித்தாள், முதலில் வந்தது மேஜைக் கோடியில் இருந்த வெண்டலுடையது. "வெண்டல், ஆறு டாலர். கஸ் தீலன், ஒரு டாலர்."

"ஒண்ணா?" என்றான் க்ளெம்.

"செத்தவங்க விஷயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. முடிஞ்ச கேஸுக்கு மேல ஏன் செலவு பண்ணணும்?" என்றான் கஸ்.

"க்ளெம் யூங்வெர்த்," மேவிஸ் சீட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தாள், "இருபத்தொன்பது."

பார் முழுக்கச் சிரிப்பு. ஆறு டாலரை ஜெயிக்க இருபத்தொன்பது கொடுத்தவனை வேறென்ன செய்வது? க்ளெம் கவலைப்படவில்லை. காலுறையை இறக்கி, பச்சை குத்திய கெண்டைக்காலை நாற்காலி மீது தூக்கி வைத்து எல்லாருக்கும் காட்டினான். "சிரிங்கடா. ஆளு வீடு வந்து சேர்ந்துட்டான்."

மேவிஸ் க்ளெம் பெயருக்கு எதிரே இருந்ததை அழித்து இரண்டு என்று எழுதும் வரை ஆர்டிஸ் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

இது வரை நடந்தது அவள் மூளை. இனி நடந்தது அதிர்ஷ்டம், அதை அவளே இன்று வரை ஒத்துக்கொள்கிறாள். ஆல்ரெட்டை எடுத்த க்ளெம் யாரையாவது கைவிட வேண்டுமே. பட்டியலை மேலும் கீழும் பார்த்து, "இந்தச் சோம்பேறி போகட்டும்" என்று ஒரு பெயரைப் பலகையில் எழுதினான்: கரன்சா. கன்சாஸ் சிட்டியின் இடதுகை பிட்சர், நல்ல வீச்சு, ஜூலையில் முதுகு பிடித்துக்கொண்டு படுத்தவன். இரண்டு மாதம் க்ளெம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். கடைசியில் பொறுமை போய்விட்டது.

வியாழக்கிழமை லாரி ரேடியோவில் அவள் கன்சாஸ் சிட்டிக்கு மாறினாள். அந்த வாரம் முழுக்க அவள் மாற்றாத ஊர் இல்லை. அங்கே ஒருத்தர் சாதாரணமாக, வானிலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்: கரன்சா குணமாகிவிட்டான், கடைசி வாரத்தில் செவ்வாயும் வீசுவான், ஞாயிறும் வீசுவான்.

ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம். ஆர்டிஸ் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பக்கத்து வயலில் மேய்ந்த மாடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

அடுத்த ஞாயிறு, வருஷத்தின் கடைசி ஏலம். க்ளெம் விழித்துக்கொண்டிருந்தான். ஏழு நாளில் ஆல்ரெட் ஒரு முறைகூட மட்டையைத் தொடவில்லை, அவனுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. இடைவெளி இருபத்தொன்றாகச் சுருங்கியிருந்தது. அவளுக்கு எந்தப் பிட்சர் மேல் கண் இருக்கும் என்று அவன் யோசித்து யோசித்து ஐந்து சீட்டுப் போட்டிருந்தான், ஏதாவது ஒன்று விழட்டும் என்று ஒவ்வொன்றிலும் மிச்சமிருந்த அதே இரண்டு டாலர். ஐந்தில் ஒன்று கரன்சா. மற்றவர்களைப் பற்றித்தான் ஆர்டிஸுக்கு நடுக்கம். கஸ்ஸிடம் இருபத்தெட்டு அப்படியே இருந்தது. அவன் நினைத்தால் மூன்று டாலரை ஊதித் தள்ளிவிடலாம். ஆனால் கோப்பைக்காகச் சண்டை போடுகிறவனுக்கு ஹோம் ரன் அடிக்கிறவன்தான் வேண்டியிருந்தது, மொத்தத்தையும் டெட்ராய்ட்டின் தடியன் ஒருவன் மேல் கொட்டினான். மிச்சப் பேர் சீட்டே போடவில்லை. பன்னிரண்டு மணிக்குக் க்ரீன் பே ஆட்டம், அவர்கள் ஏற்கெனவே முன்னறைப் பெரிய டிவிக்கு நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கரன்சா," என்றாள் மேவிஸ். "க்ளெம், ரெண்டு. ஆர்டிஸ், மூணு. ஆர்டிஸுக்கு."

க்ளெம் பலகையைப் பார்த்தான். தன் பெயருக்கு எதிரே இருந்த இரண்டைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். கணக்கு அவன் தலைக்குள் இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"நீ... அன்னைக்கு வெள்ளிக்கிழமை..."

"உண்மையைத்தான் சொன்னேன், க்ளெம். நீதான் கேக்கல" என்றாள் ஆர்டிஸ்.

செவ்வாய்க்கிழமை கரன்சா ஜெயித்தான், பத்து. மற்றவர்கள் இருபக்கமும் ஏறியும் இறங்கியும், சனிக்கிழமை முடிந்தபோது க்ளெம் நாலு புள்ளி முன்னால். ஞாயிறு ஒரு நாள் மிச்சம்.

அன்று முன்னறையில் கால்பந்து, பின்னறையில் சின்ன டிவியில் பேஸ்பால். பின்னறையில் முதலில் நாலே பேர்: ஆர்டிஸ், க்ளெம், ட்ரெவர், கணக்கு எழுத மேவிஸ். மூன்று மணிக்கெல்லாம் இரண்டு பேருடைய மற்ற ஆட்டக்காரர்களும் ஆடி முடித்து, கூட்டிக் கழித்தால் அதே நாலில் நின்றது. கரன்சா ஏழு இன்னிங்ஸ் வீசி, அணி இரண்டு ஓட்டம் முன்னால் இருக்கும்போது வெளியே போனான், பின்னால் வீச வந்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். மேவிஸ் பத்தைப் போட்டாள். ஆர்டிஸ் ஆறு புள்ளி முன்னால்.

அவள் கத்தவில்லை. மில்வாக்கி ஆட்டம் இன்னும் முடியவில்லை. எட்டாவது இன்னிங்ஸ். அரங்கத்தில் சத்தம் ஏறியது. டெஸ்மண்ட் ஆல்ரெட் மட்டையோடு படியேறி வந்தார்.

யாரோ முன்னறையில் சொல்லியிருக்க வேண்டும். கால்பந்து பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, க்ரீன் பே ஜெர்சிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னறைக் கதவில் வந்து அடைத்தன. அந்த ஊரில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஆல்ரெட் தொப்பியைத் தொட்டார். மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. முதல் பந்தை விட்டார், இரண்டாவதுக்கு மட்டையை வீணாகச் சுழற்றினார், வலியில் முகம் சுளித்தது டிவியிலேயே தெரிந்தது.

க்ளெம் கைகளைக் கோத்துக்கொண்டு முணுமுணுத்தான். "ஒண்ணே ஒண்ணு, ராஜா. ஒண்ணே ஒண்ணு."

மூன்றாவது பந்தை அவர் அடித்தார். அந்தச் சத்தமே சொல்லிவிட்டது. பந்து வலப்பக்க வேலிக்கு மேலே போய், கூட்டத்துக்குள் விழுந்து, மறைந்தது. க்ளெம் குதித்தான், நாற்காலி சாய்ந்தது. ஆனால் அவனை விடச் சத்தமாக ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, கண்ணில் தண்ணீர் வழிய, "போய்யா! போய்யா! போய்க்கிட்டே இரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவர் ஒவ்வொரு தளமாக மெல்ல ஓடி வருவதை நின்றபடியே பார்த்தாள். தன்னைக் கவிழ்க்கப் போகிற அடியாக இருந்தாலும் இருக்கட்டும், ஆறு வருஷம் தன்னோடு இருந்தவர் இப்படித்தான் போக வேண்டும் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தோன்றியது. கூட்டலை அவள் மறந்தே போயிருந்தாள்.

மேவிஸ் மறக்கவில்லை. ஹோம் ரன்னுக்கு நாலு, ஓட்டத்துக்கு ஒன்று. க்ளெமுக்கு ஐந்து. சாக்பீஸ் பலகையில் கீச்சிட்டது. ஒரு முறை கூட்டினாள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினாள், கஸ்ஸைக் கூப்பிட்டு அவனையும் கூட்டச் சொன்னாள். ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று க்ளெம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டிஸ்.

ஒரு புள்ளி.

அப்போது எழுந்த கூச்சலில் முன்னறையில் க்ரீன் பே என்ன செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கஸ் கோப்பையை ஜெயித்திருந்தான், அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை, அவனும் கவலைப்படாமல் ஆர்டிஸைத் தோளோடு அணைத்துக் குலுக்கினான். பதினோராவது இடத்துக்கு இப்படி ஒரு திருவிழா எந்த லீக்கிலும் நடந்திருக்காது. மேவிஸ் அவள் முன்னால் ஒரு பிராந்தி வைத்தாள், அதில் செர்ரி மூன்று போட்டிருந்தாள், வழக்கமாக ஒன்றுதான்.

க்ளெம் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான்.  தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன். அந்த மூணு வருஷ விதி... கொஞ்சம் அதிகம்னு தோணுது. எடுத்துடலாமா?"

 எல்லாரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். அவள் ஒரு செர்ரியைத் தின்று காம்பைத் தட்டில் வைத்தாள்.

"எதுக்கு எடுக்கணும்? லீக்குக்கு ஒரு தரம் வேணாமா?"

சிரிப்பில் மேஜை அதிர்ந்தது. கைகளைத் தூக்கச் சொன்னாள் மேவிஸ், விதி இருக்கட்டும் என்று பதினோரு கை. ட்ரெவருக்கு ஓட்டு இல்லை, இருந்தாலும் மாமனார் நாற்காலியின் முதுகில் கையை வைத்துச் சொன்னான்: "பரவாயில்ல மாமா, இன்னும் ரெண்டு வருஷம்தானே. நான் காத்திருக்கேன்." க்ளெம் அந்தக் கையைத் தட்டிவிட்டான். ஆனால் அவனும் சிரித்துவிட்டான், வேறு வழியில்லை.

ஆர்டிஸ் வெளியே போய் லாரியின் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து வந்து மேஜை மீது வைத்தாள். கறுப்பு வெள்ளைத் திட்டு, தொங்குகிற ரப்பர் மடி, கழுத்துக்கு மணி. க்ளெம் அதைத் தொடாமல் பார்த்தான்.

"முதுகுல இருக்குற ஜிப்பு பாதியில சிக்கும். தனியா போட முடியாது, பின்னாலேருந்து யாராவது இழுத்து விடணும்" என்றாள்.

"எனக்கு யாரு இழுப்பா?" என்றான் க்ளெம், பாவமாக.

ஆர்டிஸ் தன் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தாள்.

"நான்தான். ஞாயித்துக்கிழமைல எனக்கு வேற எங்க வேலை?"